பெட்டியைத் திறந்து பார்ப்போம்!



ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படிக்கும் நமக்கு இது நன்றாகவே பொருந்தும். செமஸ்டருக்குச் செமஸ்டர் சர்க்யூட் வரைகிறோம், மார்க்கும் வாங்குகிறோம். ஆனால் ஊரில் ஒருவர் பழைய ரேடியோவைத் தூக்கி வந்து, "தம்பி, நீ இந்தப் படிப்புதானே படிக்கிறே, இதைக் கொஞ்சம் பாரேன்" என்றால், நம்மில் எத்தனை பேர் தைரியமாக ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்போம்?

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். ஊர் புதியம்புத்தூர். ரெடிமேட் துணி தைக்கிற ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பா டெய்லர். மிஷினைக் கழற்றி, பிசிறு எடுத்து, எண்ணெய் விட்டு, மறுபடி மாட்டத் தெரியாதவனை அப்பா டெய்லர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். அதே அளவுகோலை நம் படிப்புக்கும் வைத்தால் என்ன? அதற்கு ஏற்ற பாடம் பழைய வால்வு ரேடியோதான் என்பது என் கருத்து.

வால்வு நமக்கு அந்நியச் சங்கதி அல்ல. 1924-ல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் ஒரு ரேடியோ கிளப் தொடங்கி, 40 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒலிபரப்பினார்கள். அரசாங்கம் அல்ல, வெறும் ஆர்வலர்கள்! பணமுடையால் 1927-ல் அது நின்றது. கருவி சென்னை மாநகராட்சிக்குப் போனது. 1930-ல் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களிலிருந்து 807 போன்ற வால்வுகளை எடுத்து, ஹாம் ரேடியோக்காரர்கள் தாங்களே டிரான்ஸ்மிட்டர் கட்டினார்கள். 1961-ல் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் இங்கேயே ரேடியோ வால்வு தயாரித்தது. 1963-ல் திருநெல்வேலி வானொலி வந்தது. நம் கரிசல் காட்டுச் சனங்களும் சாயங்காலம் பஞ்சாயத்து ரேடியோ முன்னால் கூடினார்கள்.

அந்தப் பெட்டிகள் இன்று காயலான் கடையில் செம்புக் கம்பிக்காக உடைபடுகின்றன. அப்படி உடைபடவிருந்த ஒரு செட்டை எடைக்கு வாங்கி, கோவில்பட்டியில் ஒரு வயதான மெக்கானிக் அண்ணாச்சியிடம் லீவு நாட்களில் உட்கார்ந்து கற்றேன்.

ஐந்து வால்வு செட்டைத் திறந்தால் பாடப் புத்தகமே விரிந்து கிடக்கும். ஈ.சி.எச்.81 வந்த அலையை ஐ.எஃப்.-ஆக மாற்றும், ஈ.எஃப்.89 அதைப் பெருக்கும், ஈ.பி.சி.81 பேச்சைப் பிரித்தெடுக்கும், ஈ.எல்.84 ஸ்பீக்கரை ஓட்டும்; ஈ.இசட்.80 ஏ.சி.யை டி.சி. ஆக்கும். ஒவ்வொன்றையும் விரலால் சுட்டலாம். இன்றைய ஐ.சி.யில் இத்தனையும் ஒரு கறுப்புத் துண்டுக்குள் ஒளிந்துகொள்கிறது.

அண்ணாச்சி சொன்ன முதல் பாடம்: பல வருஷம் சும்மா கிடந்த செட்டை நேராகக் கரண்டில் மாட்டாதே, 60 வாட் பல்பை சீரிஸில் போடு. பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். எரிந்து மங்கினால் நல்ல சகுனம். அடுத்தது பேப்பர் கண்டன்சர். அது கசிந்தால் ஈ.எல்.84-ன் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்ட் ஏறும். வால்வு கண்டபடி கரண்ட் இழுத்துக் கொதிக்கும். கடைசியில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் புகையும். சில ரூபாய்ச் சாமானைக் கவனிக்காவிட்டால் தேடினாலும் கிடைக்காத சாமான் போய்விடும். கப்பாசிட்டர் கசிவு என்று இரண்டு மார்க்குக்கு எழுதியது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உள்ளே 250 வோல்ட் டி.சி. ஓடும். சுவிட்சை நிறுத்தினாலும் ஃபில்டர் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கணும். சில ஏ.சி./டி.சி. செட்டுகளில் மெயின் டிரான்ஸ்பார்மரே கிடையாது. சேஸிஸிலேயே கரண்ட் இருக்கலாம். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் திறக்காதீர்கள்.

"மியூசியம் சாமானைக் கட்டி அழுதால் வேலை கிடைக்குமா?" என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வீட்டுக் கஷ்டம் எனக்கும் தெரியும். வால்வு திரும்பி வரப்போவதில்லை. ஆனால் எக்ஸ்ரே குழாயும், மைக்ரோவேவ் அடுப்பின் மேக்னட்ரானும் வெற்றிடக் குழாய்கள்தானே! அதைவிட முக்கியம், எங்கே சிக்னல் வருகிறது, எங்கே நிற்கிறது என்று படிப்படியாகத் தேடும் பழக்கம். செல்போன் போர்டானாலும் ஆலை மிஷினானாலும் சோறு போடப்போவது அந்தப் பழக்கம்தான்.

எனவே என் யோசனை இதுதான். நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மேஜையை வால்வு செட்டுக்கு ஒதுக்குவோம். அண்ணாச்சி போன்ற மெக்கானிக்குகளை மாதம் ஒருமுறை மரியாதையோடு அழைப்போம். அவர்கள் கைத்தொழில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்களோடு போய்விட்டால் திரும்ப வராது. ஆர்வமுள்ளவர்கள் மத்திய அரசின் ஹாம் தேர்வையும் எழுதலாம். 12 வயது நிரம்பினாலே போதும். ரேடியோவைக் கேட்பது வேறு. லைசென்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம் என்பது நினைவிருக்கட்டும்.

பட்டயம் சுவரில் தொங்கும் காகிதமாக நின்றுவிடக் கூடாது. "எம் புள்ள சரி பண்ணிருவான்" என்று பெற்றவர்கள் நாலு பேர் முன்னால் தைரியமாகச் சொல்லணும். அதற்கு இந்தப் பெட்டிகளை உடைபடுவதற்கு முன்னால் திறப்போம். சிந்திப்போம், செயல்படுவோம்!

- இரண்டாமாண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவன், புதியம்புத்தூர்