தராசின் முன் நிற்பது போல் சபையின் முன்னும் நிற்போம்

தோழர்களே, மாலை நிறுவைக்குக் கொழுந்து மடுவத்தில் வரிசையாக நிற்கும் நம் பெண்களுக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. தராசு எத்தனை காட்டுகிறது என்று பார்ப்பார்கள். கணக்கப்பிள்ளை எத்தனை எழுதினார் என்று எட்டிப் பார்ப்பார்கள். சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கேட்பார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் அந்த இடத்திலேயே சத்தம் கிளம்பும். சம்பள நாளில் சிட்டையைக் கையில் வாங்கியதும் ஒரு பெயர் விடுபட்டிருந்தால் அன்றைக்கே தலைவரிடம் வந்து சொல்வார்கள்.

அதே நாம், பிரதேச சபை நம் வட்டாரத்துக்கு என்று ஒதுக்கும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, யாருக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள், வேலை முடிந்ததா என்று தெரியாது. தேர்தலில் ஆளைத் தெரிவு செய்துவிட்டு, அடுத்த தேர்தல் வரை அவர் வருவாரா என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. உள்ளூராட்சி என்ற வீட்டுக்குள் நம்மை யாரும் விரும்பி அழைக்கவில்லை. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தோட்டத் தொழிலாளருக்கு அந்தச் சபைகளில் வாக்குரிமை தரவில்லை. 1948இல் குடியுரிமையும், அடுத்த ஆண்டு நாடாளுமன்ற வாக்குரிமையும் பறிபோயின. நாடற்றவர் என்ற பெயர் நம்மில் பலரை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை விட்டுப் போகவில்லை. வாக்கு கிடைத்த பிறகும் சபையின் பணம் லயத்துக்கு வரவில்லை. தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிட, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. பாதையைப் பற்றிக் கேட்டால் "அது தோட்டப் பாதை" என்று சபை சொல்லும். "அது சபை வேலை" என்று நிர்வாகம் சொல்லும். நடுவில் நாம் சேற்றில் நடந்தோம்.

2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பெரிய பிரதேச சபைகளும் ஆறாகப் பிரிக்கப்பட்டன. இரண்டுமே நம் மக்கள் பல்லாண்டு காலம் கேட்டுப் பெற்றவை. ஆனால் 2023 மார்ச்சில் அந்தச் சபைகளின் காலம் முடிந்ததும் தேர்தல் தள்ளிப்போனது. 2025 மே 6ஆம் திகதி வாக்களிக்கும் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதி இல்லாமலே சபைகள் நடந்தன. இப்போது உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். இனியும் சட்டத்தைக் காரணம் காட்டி அவர்களும் தப்ப முடியாது, நாமும் சும்மா இருக்க முடியாது.

எங்கள் பகுதியில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். முந்திய சபையின் காலத்தில், மேல் லயத்திலிருந்து பாடசாலைக்கு இறங்கும் பாதைக்குக் கொங்கிரீட் போடத் தொடங்கினார்கள். மழை நாளில் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கு வரும் பாதை அது. பாதித் தூரம் போட்டார்கள். பிறகு ஒப்பந்தகாரர் கலவை இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரே வாரத்தில் லயமெல்லாம் கதை பரவியது: உறுப்பினர் மீதிக் காசைத் தின்றுவிட்டார். யாரும் அவரிடம் நேரே கேட்கவில்லை. அவரும் வந்து சொல்லவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்கு ஒரு கடிதம் எழுதினோம். அந்தப் பாதையின் மதிப்பீடு, ஒப்பந்தம், கொடுத்த பணத்தின் விபரம் ஆகிய மூன்றையும் கேட்டோம். முதலில் பதிலே இல்லை. மேன்முறையீடு செய்த பிறகு சிங்களத்தில் வந்தது. தமிழில் தாருங்கள் என்று மறுபடி எழுதினோம். கடைசியில் கையில் கிடைத்த தாள்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரட்டுக்களத்தில் எல்லாரையும் கூட்டி உரக்க வாசித்தோம். அளவு நாடாவைப் பிடித்துப் பாதையையும் அளந்தோம். உறுப்பினரையும் அழைத்திருந்தோம், வந்தார்.

தாள்கள் சொன்ன கதை வேறு. சீமெந்து விலை தாறுமாறாக ஏறிய காலம் அது. ஒதுக்கிய பணத்துக்குள் முழுப் பாதையையும் போட முடியாது என்று தூரத்தைக் குறைத்து மதிப்பீட்டைத் திருத்தியிருந்தார்கள். போட்ட தூரத்துக்குத்தான் பணம் கொடுத்திருந்தார்கள். களவு நடக்கவில்லை. ஆனால் தூரத்தைக் குறைக்கும் முடிவை எடுத்தபோது, அந்தப் பாதையில் நடக்கும் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செங்குத்தான கீழ்ப் பகுதியை முதலில் போடச் சொல்லியிருப்போம். சமதரையில் கொங்கிரீட்டும், பிள்ளைகள் வழுக்கி விழும் இடத்தில் மண்ணுமாக அது கிடந்திருக்காது.

கூட்டம் முடிந்து போகும்போது கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா சொன்னார்: "டீச்சர், இந்த மனுசனை ஆறு மாசமா கள்ளன்னு ஏசிக்கிட்டு இருந்தேன். இதை அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா என்னவாம்?" உறுப்பினரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். கணக்கை மறைப்பதால் கள்ளனுக்கு இலாபம். நேர்மையாக வேலை செய்கிறவருக்கோ கெட்ட பெயர்தான் மிச்சம். மீதிப் பாதை இன்னும் போடப்படவில்லை. ஆனால் புதிய உறுப்பினரிடம் நாங்கள் வெறுங்கையோடு போகவில்லை. திருத்திய மதிப்பீட்டின் பிரதியோடு போனோம். பேச்சு வேறு மாதிரி இருந்தது.

இனி, நமக்குச் சங்கடமான ஒரு விடயம். மலையகத்தில் சபை உறுப்பினர்கள் பலர் தொழிற்சங்கத்தின் வழியாக வந்தவர்கள். "நம்ம சங்கத்து ஆளிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? கேட்டால் எதிராளிக்கு வாய்ப்பாகிவிடாதா?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: நமது கணக்கப்பிள்ளை நம் சொந்தக்காரர் என்பதற்காகத் தராசைப் பார்க்காமல் விடுவோமா? நம் ஆள் என்றால் கேட்க இன்னும் கூடுதலாக உரிமை இருக்கிறது. எதிர்த் தரப்பு உறுப்பினரிடம் மட்டும் கேள்வி கேட்டு, நம்மவரை விட்டுவிட்டால், அது கட்சி வேலையாகிவிடும். மக்களும் நம்மை நம்பமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. சபையைக் கணக்குக் கேட்கும் சங்கம் தன் சந்தாப் பணக் கணக்கையும் தோட்டக் கமிட்டியில் வருடந்தோறும் வாசிக்க வேண்டும். அதிலிருந்தே தொடங்குவோம்.

தொழிலாளர் அமைப்பொன்று இப்படிச் செய்து ஒரு நாட்டின் சட்டத்தையே மாற்றிய வரலாறு இருக்கிறது. இந்தியாவின் ராஜஸ்தானில் 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன், அரசின் நிவாரண வேலைகளில் குறைந்த கூலி கொடுக்கப்படுவதை எதிர்த்துப் போராடியது. அளவுப்படி வேலை செய்யவில்லை என்று பதிவேடு சொல்கிறது என்றார்கள் அதிகாரிகள். அப்படியானால் பதிவேட்டைக் காட்டு என்றார்கள் தொழிலாளர்கள். 1994 இறுதியில் ஊர் மக்களைக் கூட்டி, வேலைப் பதிவேட்டிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை ஊரே கேட்டது. அந்த இயக்கம் வளர்ந்து, 2005இல் இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. செக்ரோல் என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

நம் கையிலும் சட்டம் இருக்கிறது. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எந்தப் பிரஜையும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர தகவல் அலுவலர் உதவ வேண்டும். கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புதல் தரவேண்டும். அதைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென உள்ள அலுவலரிடமும், அதற்கு மேல் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடமும் போகலாம்.

பிரதேச சபைகள் சட்டமும் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சபையின் குழுக்களில் உறுப்பினர்களோடு அந்தப் பிரதேசத்தில் வசிக்கும் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். வீடமைப்பு, சுற்றாடல் பற்றிய குழுக்களில் கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணும், தோட்டத்து இளைஞர் ஒருவரும் உட்கார முடியும். நாம் பெயர் கொடுத்துக் கேட்டால்தான் அது நடக்கும்.

சபைகளிடம் நாம் கேட்பதும் பெரிதல்ல. பொதுமக்கள் தினத்தில் சபைக்குப் போக ஒரு தொழிலாளி அன்றைய பெயரை இழக்க வேண்டியிருக்கிறது. பஸ் காசு வேறு. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஞாயிற்றுக்கிழமையில் வட்டாரத்துக்கே வந்து கணக்குச் சொல்லுங்கள். வேலை நடக்கும் இடத்தில் தொகை, தூரம், ஒப்பந்தகாரர் பெயர், முடிக்க வேண்டிய திகதி ஆகியவற்றைத் தமிழிலும் எழுதிப் பலகை வையுங்கள். அடுத்த ஆண்டுக்கான பாதீட்டைச் சபையில் நிறைவேற்றுவதற்கு முன், அதன் சுருக்கத்தைப் பிரட்டுக்களத்திலும் ஒட்டுங்கள்.

தோட்டக் கமிட்டிகளுக்கு எங்கள் வேண்டுகோள் இது. இந்த மாதக் கூட்டத்தில் மூன்று பேரைத் தெரிவு செய்யுங்கள். அதில் ஒருவராவது மாதர் சங்கத்திலிருந்து வரட்டும். உங்கள் தோட்டத்தில் பாதியில் நிற்கும் ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பாதையோ, வடிகானோ, குடிதண்ணீர்க் குழாயோ எதுவானாலும் சரி. அதைப் பற்றி ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் பாடசாலையில் எங்களிடம் வாருங்கள். மாலையில் இருந்து எழுதித் தருகிறோம். பதில் வந்ததும் பெட்டியில் பூட்டி வைக்காமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னிலையிலும் வாசியுங்கள். உறுப்பினருக்கும் சொல்லி அனுப்புங்கள். அவர் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள்.