பெட்ரோல் வண்டிக்கு கேஸ் கிட்: லாபமா, நஷ்டமா?

2021-ல் சென்னையில் பெட்ரோல் முதல் தடவையா நூறைத் தாண்டியதில் இருந்து எங்க ஆபீஸ் கேண்டீனில் இந்தப் பேச்சு ஓயவே இல்லை. "மச்சி, வண்டிக்கு கேஸ் போட்டுடலாமா? பாதிக் காசு மிச்சமாமே?" படிச்சது மெக்கானிக்கல், பொழப்பு ஜாவா என்பதால் இந்த மாதிரி கேள்வி எல்லாம் நேரா என் டேபிளுக்குத்தான் வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதனால் இங்கே எழுதி வச்சுடறேன். இனி யார் கேட்டாலும் சுட்டி கொடுத்தாப் போதும் :-)

முதல்ல அந்த "பாதிக் காசு" கதை. அது பாதி உண்மைதான். பங்க் போர்டில் ஆட்டோ எல்பிஜி விலையைப் பார்த்தா பெட்ரோலை விட ரொம்பக் கம்மியாத்தான் தெரியும். ஆனா வண்டி விலையில் ஓடாது, சக்தியில் ஓடும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் இருக்கு. ஒரு லிட்டர் எல்பிஜியில் 25 தான். அதாவது லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டி கேஸில் 11 சொச்சம்தான் கொடுக்கும். மெக்கானிக் "மைலேஜ் அப்படியே வரும் சார்" என்று சொன்னா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. தெர்மோடைனமிக்ஸ் யாருக்கும் தள்ளுபடி கொடுக்கிறதில்லை.

இதில் ஒரு சின்ன திருப்பம். இப்போ பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல்தான் என்பதால் கலவை சுமார் 30-க்கு இறங்கிடுது. அந்த அளவுக்கு கேஸின் நிலைமை கொஞ்சம் தேவலாம். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா ஒரு சுலபமான விதி கிடைக்கும்: எல்பிஜி விலை பெட்ரோல் விலையில் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தாத்தான் கிலோமீட்டருக்கு ஒரு பைசாவாவது மிச்சம். அதற்கு மேல் போனா கிட்டுக்குக் கொடுத்த காசு அப்படியே தண்டம்.

சரி, கணக்குக்கு வருவோம். சுலபத்துக்காக பெட்ரோல் 100 ரூபாய், எல்பிஜி 65 ரூபாய்னு வச்சுக்கறேன். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்க மாத்திக்குங்க.

பெட்ரோலில் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 14 காசு. கேஸில் (லிட்டருக்கு 11.2 கிலோமீட்டர்) 5 ரூபாய் 80 காசு. மிச்சம் 1 ரூபாய் 34 காசு.

எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினுக்கு சீக்வென்ஷியல் கிட் போட நான் விசாரிச்ச இடத்தில் 40 ஆயிரம் சொன்னாங்க. 40 ஆயிரத்தை 1.34-ஆல் வகுத்தா கிட்டத்தட்ட 30 ஆயிரம் கிலோமீட்டர். அவ்வளவு ஓட்டின பிறகுதான் போட்ட முதலே திரும்பும்.

இப்போ நம்மள மாதிரி ஆட்களை எடுத்துக்குங்க. வேளச்சேரியில் வீடு, சோழிங்கநல்லூரில் ஆபீஸ். வாரத்தில் ரெண்டு நாள் வீட்டில் இருந்தே வேலை. சனி ஞாயிறு மாமியார் வீடு, மால், பீச் எல்லாம் சேர்த்தாலும் மாசம் 600 கிலோமீட்டர் தாண்டாது. 30 ஆயிரம் ஓட்ட 50 மாசம், அதாவது நாலு வருஷத்துக்கு மேல! அதே 40 ஆயிரத்தை பேங்கில் போட்டிருந்தா வந்திருக்கும் வட்டியைக் கழிச்சா இன்னும் ஒரு வருஷம் கூடும்.

இதில் சேர்க்காத செலவுகளும் இருக்கு. கிட் போட்ட வண்டி ஸ்டார்ட் ஆவது பெட்ரோலில்தான். இன்ஜின் தண்ணி சூடானதும்தான் கேஸுக்கு மாறும். பக்கத்துத் தெரு ஸ்கூலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் ஓடுகிற வண்டி பாதி தூரத்தை பெட்ரோலிலேயே முடிச்சுடும். டிக்கியில் டேங்க் உட்கார்ந்துடும், இல்லைன்னா ஸ்டெப்னி இடம் போகும். அந்த டேங்கையும் 80 சதவீதம்தான் நிரப்பணும், வெயிலில் திரவம் விரிய இடம் வேணும். வருஷா வருஷம் ஃபில்டர் மாத்தணும். சில இன்ஜின்களில் வால்வு சீட் சீக்கிரம் தேயும். இன்சூரன்ஸில் கிட்டின் மதிப்புக்குத் தனி பிரீமியம் வேற.

ஆக, ஐ.டி. மக்களுக்கு என் பதில்: வேண்டாம். டயரில் காத்து சரியா வச்சுக்குங்க, அதுவே போதும்.

அப்போ கேஸே தப்பா? இல்லவே இல்லை. ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர் ஓட்டுகிற கால் டாக்ஸி டிரைவருக்கு இதே கணக்கைப் போடுங்க. மாசம் 3,000 கிலோமீட்டர். பத்தே மாசத்தில் கிட் காசு திரும்பிடும். அதற்கப்புறம் மாசம் 4 ஆயிரம் ரூபாய் அவர் பாக்கெட்டில். சென்னையில் கேஸ் ஆட்டோக்கள் இவ்வளவு ஓடுவது சும்மா இல்லை. அவங்க நம்மளை விட நல்லாக் கணக்குப் போடத் தெரிஞ்சவங்க. சுற்றுச்சூழலுக்கும் நல்லது. அதே சக்திக்கு எல்பிஜி விடும் கார்பன் டை ஆக்சைடு பெட்ரோலை விட சுமார் 9 சதவீதம் குறைவு.

இதோட முடிச்சிருந்தா இது வெறும் எக்ஸெல் ஷீட். எழுத உட்கார்ந்ததுக்கு நிஜக் காரணம் வேற.

திருச்சி பக்கம் எங்க பெரியப்பா பையன் ஒருத்தர் ஆம்னி வேன் வச்சு ஸ்கூல் டிரிப் அடிக்கிறார். பத்து பிள்ளைங்க. ஒரு நாளைக்கு 70 கிலோமீட்டர். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப வேனில் ஏறினேன். பின் சீட்டுக்கு அடியில் நம்ம வீட்டு அடுப்புக்கு வைக்கிற சிவப்பு சிலிண்டர்.

"என்னண்ணே இது?"

"தம்பி, நீ ஏசி ரூம்ல உட்கார்ந்து கணக்குப் போடுற. நான் ரோட்ல போடுறேன்"னார். கோபமா இல்லை, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார்.

அவர் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏத்தினப்ப சென்னையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. லிட்டரில் மாத்தினா ஏறக்குறைய 33 ரூபாய். பிளாக்கில் 1,100 கொடுத்து வாங்கினாலும் 42 தான். பங்கில் 65-க்குப் போடுவதோட ஒப்பிட்டா அவருக்கு மாசம் 3,700 ரூபாய் மிச்சம். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவருக்கு அது சின்னக் காசு இல்லை. வீட்டு வாடகை.

ஆனா அந்த 3,700 எதை விட்டுக்கொடுத்து வருது? 2000-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி எல்பிஜியை வண்டி எரிபொருளா அனுமதிச்சாங்க. 2001-ல் தனி உத்தரவும் வந்தது. வீட்டு சிலிண்டரை வண்டியில் வைப்பது அன்னைக்கும் குற்றம், இன்னைக்கும் குற்றம். சட்டத்தை விடுங்க, பொருளைப் பாருங்க. முறையான ஆட்டோ டேங்கில் மல்டிவால்வ் இருக்கும். 80 சதவீதம் நிரம்பினதும் அதுவே மூடிக்கும். பைப் அறுந்து கேஸ் வேகமாப் பாய்ஞ்சா தடுக்கும். இன்ஜின் நின்னதும் சாலினாய்டு அடைச்சுக்கும். வீட்டு சிலிண்டரில் இதெல்லாம் கிடையாது. அது அடுப்பாங்கரையில் ஆடாம அசையாம நிமிர்ந்து நிக்கறதுக்காகச் செஞ்சது. மேடு பள்ளத்தில் குலுங்கறதுக்கு இல்லை.

இன்னொன்னு. எல்பிஜி காத்தை விடக் கனமானது. கசிஞ்சா மேலே போகாது. தரையோட படியும். வேனுக்குள்ளே தரைன்னா எது? பிள்ளைங்க கால் வைக்கிற இடம்.

அண்ணனை மட்டும் திட்டி முடிச்சுட எனக்கு மனசில்லை. இந்த ஓட்டையை உருவாக்கியது விலைதான். வீட்டு கேஸுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆட்டோ கேஸுக்கு 18 சதவீதம். வீட்டு கேஸின் விலையை ஏறவிடாம அரசாங்கம் பிடிச்சு வைக்கும். ஆட்டோ கேஸ் சந்தை விலையில் போகும். அடுப்புக்கு மலிவா கொடுக்கறது சரிதான், அதை நான் குறை சொல்லலை. ஆனா ஒரே பொருளுக்கு ரெண்டு விலை இருந்தா மலிவான பக்கத்தில் இருந்து விலை கூடின பக்கத்துக்கு ஒழுகத்தான் செய்யும். ஆட்டோ கேஸ் வரியையும் 5-க்குக் கொண்டுவந்தா ஒழுகல் நிக்காது, ஆனா குறையும். நேர்மையா கிட் போட்டு ஆர்.சி.யில் ஏத்தினவனுக்கு அது ஒரு மரியாதை.

அடுத்த பங்கு நம்மளோடது. 3,700-ஐ பத்து பிள்ளைகளுக்குப் பிரிச்சா தலைக்கு 370 ரூபாய். ஒரு குடும்பம் ஒரு தடவை பிரியாணி ஆர்டர் பண்ற காசு. வேன் ஃபீஸை நூறு ரூபாய் ஏத்தினா ஸ்கூல் வாசலில் சண்டைக்கு நிக்கறோம். எந்த வேன் கம்மியோ அதில் ஏத்தி விடறோம். அது எப்படிக் கம்மியாச்சுன்னு ஒருத்தரும் கேட்கறதில்லை.

அண்ணன் பிப்ரவரியில் சிலிண்டரை எடுத்துட்டார். நான் சொன்னதாலன்னு பெருமை அடிச்சுக்க முடியாது. அண்ணி போட்ட சத்தம் முக்கியக் காரணம், அவங்க பொண்ணும் அதே வேனில்தான் போகுது. இப்போ பெட்ரோல்தான் போடறார். ஃபீஸை ஏத்தினதும் ரெண்டு பேர் வேற வேனுக்கு மாத்திட்டாங்க. அந்த வேன் எதில் ஓடுதுன்னு எனக்கும் தெரியும், அந்த ரெண்டு வீட்டுக்கும் தெரியும்.

அதனால் கிட் போடலாமான்னு கேட்கிறவங்களுக்கு மூணே வரி. மாசம் 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினா போடுங்க, லாபம்தான். போட்டா அங்கீகாரம் பெற்ற கிட்டாப் போட்டு, ஆர்.டி.ஓ.வில் காட்டி, ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸிலும் ஏத்துங்க. இல்லைன்னா விபத்தன்னைக்கு கிளெய்ம் கையை விரிச்சுடும்.

வண்டியே இல்லாதவங்களும் ஒண்ணு செய்யலாம். நாளைக்குக் காலையில் பிள்ளையை வேனில் ஏத்தும்போது குனிஞ்சு சீட்டுக்கு அடியில் ஒரு தடவை பார்த்துடுங்க. சிவப்பா ஏதாவது தெரிஞ்சா டிரைவர்கிட்ட சண்டை போடாதீங்க. எவ்வளவு கூடக் கொடுத்தா இதை எடுப்பீங்கண்ணேன்னு கேளுங்க.