வீட்டுக் கைவேலை: ஓலையிலே ஒரு பரிசு



விழா நாட்கள் நெருங்கினால் வீட்டை அலங்கரிக்கவும், உற்றார் உறவினர்க்குப் பரிசு வழங்கவும் மனம் விழைவது இயல்பே. ஆயின், கடைக்குச் சென்று காசைக் கொட்டி, இரண்டே நாளில் குப்பைக்குப் போகும் பொருளை வாங்கி வருவதில் என்ன சிறப்பு இருக்கிறது? கையாற் செய்து கொடுக்கும் பொருளுக்கு உள்ள மதிப்பே வேறு. எனவே இத்திங்கள் இப்பகுதியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லையூர்களுக்கு ஏற்ற சில எளிய கைவேலைகளை எடுத்துக்கொள்வோம். வேண்டிய மூலப்பொருள் பெரும்பாலும் கொல்லைப்புறத்திலேயே கிடைக்கும். அதனோடு சிறிது பொறுமையும், பக்கத்தில் ஒரு குழந்தையும் இருந்தால் போதும்.

குழந்தையை ஏன் சேர்த்துச் சொல்கிறோம் என்று கேட்கலாம். நம்முள் பலர் பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். எல்லையூர்த் தமிழர் பலரின் நிலையோ வேறு. அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை இராஜ்யத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைச் சந்தைக்குப் போனால் தமிழ்நாடு, காய்கறி வாங்கித் திரும்பினால் கேரளம் என்றாயிற்று. எவ்வழியால் வந்த குடும்பமாயினும் இன்று கவலை ஒன்றே. பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் செவிக்குப் பழகிய அளவு கண்ணுக்குப் பழகவில்லை. பாட்டி பேசினால் பேரனுக்கு விளங்குகிறது. பாட்டி எழுதிய கடிதத்தைக் கொடுத்தாலோ படிக்கத் தெரியாமல் விழிக்கிறான். இக்குறையைத் தீர்க்கப் பாடப்புத்தகம் ஒன்றே வழியன்று. கைவேலையும் ஒரு வழி என்பதே நமது கருத்து.

இரண்டு மரங்கள்

தமிழ்நாட்டின் மாநில மரம் பனை. கேரளத்தின் மாநில மரம் தென்னை. எல்லையூரில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். அவற்றின் பெயர்களும் இரு மொழிகளுக்கும் உறவுடையவை. நாம் ஓலை என்பதை மலையாளத்தார் ஓல என்பர். நமது குருத்தோலை அவர்களுக்குக் குருத்தோல. ஈர்க்கு அவர்களுக்கு ஈர்க்கில். சிரட்டை அவர்களுக்குச் சிரட்ட. பனையை அவர்கள் கரிம்பன என்று வழங்குவர். ஓலையைக் கிழித்துக்கொண்டே இச்சொற்களைக் குழந்தையிடம் இரண்டு மொழியிலும் சொல்லிப் பாருங்கள். பள்ளியில் கற்றதற்கு வீட்டுத் தமிழ் பகையன்று, உடன்பிறப்பே என்பது அதற்குத் தானே புலப்படும்.

ஓலை எடுப்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தென்னைக்கும் பனைக்கும் வளர்நுனி ஒன்றே. அது கெட்டால் மரமே பட்டுப்போம். காய்க்கும் தென்னை ஏறத்தாழத் திங்களுக்கு ஒரு மட்டைதான் ஈனும். ஆகையால் மரமேறத் தெரிந்தவரைக் கொண்டு, ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு குருத்தே ஒரு வீட்டு அலங்காரத்துக்குப் பெரும்பாலும் போதும்.

1. குருத்தோலைத் தோரணம்

நவராத்திரியை ஒட்டிச் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலைக் குமாரசுவாமியும், பத்மநாபபுரத்துச் சரசுவதியும் திருவனந்தபுரம் நோக்கி எழுந்தருளுவதை அறிவீர்கள். முதல் நாள் குழித்துறையில் தங்கி, மறுநாள் களியக்காவிளையில் கேரள எல்லையில் வரவேற்கப்பெற்று, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயிலை அடைகின்றன அவ்விக்கிரகங்கள். வழிநெடுக வீட்டு வாயில்களில் விளக்கேற்றித் தட்டத்தில் பழமும் பூவும் வைத்து மக்கள் காத்திருப்பர். அவ்வாயிலுக்குக் குருத்தோலைத் தோரணத்தினும் ஏற்ற அணி வேறில்லை. கிறிஸ்தவ இல்லத்தார்க்கும் இவ்வோலை புதிதன்று. குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் கையிலேந்துவது இதுவே. பொங்கலுக்கும் திருமணத்துக்கும் இதே தோரணம் ஆகும்.

செய்யும் முறை: தென்னங்குருத்தின் இதழ்களைத் தனித்தனியே பிரித்து ஈர்க்கை நீக்குக. வாயிலின் அகலத்துக்குக் கயிறு ஒன்றை இழுத்துக் கட்டுக. ஒவ்வோர் இதழையும் கயிற்றின்மேல் பாதியாக மடித்துத் தொங்கவிட்டு, கயிற்றுக்குச் சற்றுக் கீழே ஒரு பாதியில் சிறு கீறலிட்டு, மறுபாதியின் நுனியை அதனூடே நுழைத்து இழுத்தால் இதழ் நழுவாது. பின்னர் தொங்கும் ஓரத்தில் விரலகல இடைவெளி விட்டுச் சாய்வாகக் கீறி, கீறிய துண்டை உட்புறமாக மடித்துச் செருகுக. இதழுக்கு நாலைந்து மடிப்புப் போதும். காற்றில் அசையும்போது கண்ணுக்கு இனிதாயிருக்கும். வாடாமலிருக்க அன்று காலையிலேயே கட்டுவது நலம்.

2. ஓலை நட்சத்திரமும் காற்றாடியும்

ஒரு விரலகலமும் இரு சாண் நீளமும் உள்ள நான்கு ஓலைத் துண்டுகளை எடுத்து ஒவ்வொன்றையும் பாதியாக மடித்துக்கொள்க. முதல் துண்டை மடிப்பு மேலே இருக்கும்படி நிறுத்திப் பிடிக்கவும். இரண்டாவது துண்டு முதலாவதை இரு பக்கமும் கவ்வும்படி குறுக்கே வைக்கவும். மூன்றாவது இரண்டாவதைக் கவ்வட்டும். நான்காவது மூன்றாவதைக் கவ்வி, அதன் இரு நுனிகளும் முதல் துண்டின் மடிப்புக்குள் நுழைந்து வெளிவரட்டும். இப்பொழுது எல்லா நுனிகளையும் மெல்ல இழுத்தால் நடுவில் அழகிய சதுரப் பூட்டு விழும். நான்கு திசையிலும் நீண்டிருக்கும் நுனிகளைக் கூர்மையாகக் கத்தரித்தால் நட்சத்திரம். கிறிஸ்துமஸ் நாளில் வாசலில் தொங்கவிடலாம். பரிசுப் பொட்டலத்தின் மேலும் கட்டலாம். நுனிகளை ஒரே பக்கமாகச் சிறிது திருகி, நடுவில் ஈர்க்குக் குச்சி ஒன்றைத் தளர்வாகச் செருகினால் குழந்தைக்குக் காற்றாடி. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இரண்டு முறை காட்டினால் கைவந்துவிடும்.

3. பனையோலைக் கொட்டான்

பலகாரம் கொடுத்தனுப்பக் காகிதப் பெட்டி எதற்கு? பனங்குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, அரைவிரல் அகலத்தில் வார்ந்துகொள்க. முடையுமுன் நீரில் நனைத்தால் ஒடியாது வளைந்து கொடுக்கும். நெடுக்கில் எட்டு, குறுக்கில் எட்டு வைத்து ஒன்றுவிட்டு ஒன்றாகப் பாய்போல் முடைந்தால் அடித்தளம் ஆயிற்று. நாற்புறமும் எஞ்சி நிற்கும் ஓலைகளை மேல்நோக்கி மடித்து, நீண்ட ஓலை ஒன்றைச் சுற்றிலும் ஊடுபாவாக ஓட்டிக்கொண்டு வந்தால் சுவர் எழும். வேண்டிய உயரம் வந்ததும் நுனிகளை உட்புறமாக மடித்துச் செருகிவிடுக. சாயம் வேண்டுவோர் சில ஓலைகளை மஞ்சள் நீரில் வேகவைக்கலாம். அதனோடு சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் செந்நிறம் வரும். மஞ்சட்சாயம் வெயிலில் வெளுக்குமாதலால் நிழலிலேயே உலர்த்துக.

நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே பலராமபுரம் இருக்கிறது. பலராமவர்ம மகாராஜா காலத்தில் தமிழகத்துச் சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றியதால் வளர்ந்த நெசவூர் அது. அவ்வூர்க் கசவு வேட்டியோ புடவையோ பழையதாகிக் கிழிந்தால், கரையை மட்டும் வெட்டிக் கொட்டானின் விளிம்பில் தைத்துப் பாருங்கள். குடியேறிவந்த கைகளின் நெசவும் நம் வீட்டு முடைச்சலும் ஒரே பெட்டியில் சேரும்.

4. சிரட்டைக் கிண்ணம்

கண்ணில்லாத பாதிச் சிரட்டையை எடுத்து, வெளியிலுள்ள நாரை நன்கு சுரண்டி, உப்புத்தாளால் முதலில் முரடாகவும் பின்னர் மென்மையாகவும் தேய்க்கவும். தேங்காயெண்ணெய் தடவித் துணியால் துடைத்தால் கருங்காலி போல் மின்னும். குங்குமம், பொத்தான், கற்கண்டு வைக்க உதவும். கண்ணுள்ள பாதியில் ஒரு கண் மட்டும் இளகியிருக்கும். அதைக் குத்தித் திறந்து கயிறு கோத்தால் சிறு செடி தொங்கவிடும் கலமாகும். ஆனால் சிரட்டைக்குள் திரிவிளக்கு ஏற்றாதீர்கள். சிரட்டை எளிதில் தீப்பற்றும்.

5. ஓலை மடல்

இறுதியாகச் சொல்வதே இவற்றுள் முதன்மையானது. கடிதத்துக்குத் தமிழில் ஓலை என்றும் மடல் என்றும் பெயர் வந்தது மரத்திலிருந்துதான். ஒரு சாண் நீளப் பனையோலையை மஞ்சள் கலந்த நீரில் சிறிது நேரம் கொதிக்கவைத்து, நிழலில் உலர்த்தி, கனத்த புத்தகத்தின் கீழ் ஓரிரவு வைத்தால் சமமாகும். மழுங்கிய கோணியூசியால் அதன்மேல் எழுதுக. எழுதும்போது கீறல் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியில் இரண்டு துளி எண்ணெய் குழைத்துத் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டால் எழுத்துக்கள் கறுப்பாக எழுந்து நிற்கும். இக்காட்சியைக் கண்டு வியக்காத குழந்தை இராது. பழைய ஏடுகளில் ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளியிடாமலே எழுதினர். நம் பிள்ளைகள் புள்ளியிட்டே எழுதட்டும். மெல்லக் குத்தினால் போதும்.

அதில் எழுத நீண்ட வாசகம் வேண்டா. “அன்புள்ள பாட்டிக்கு” என்ற இரண்டு சொல்லும், கீழே தன் பெயரும் எழுதினால் நிறைவு. மலையாளத்தில் கற்கும் பிள்ளை அவ்வெழுத்துக்களைத் தாளில் பத்து முறை எழுதிப் பழகிய பின்னரே ஓலையில் கீறத் துணியும். அதட்டியும் கெஞ்சியும் நடவாத எழுத்துப் பயிற்சி அங்கே விளையாட்டாக நடந்துவிடுகிறது. பெற்றோர் அருகிருந்து ஊசியைக் கவனித்துக்கொள்ளல் வேண்டும்.

இன்னொரு நன்மை

தமிழ்நாட்டில் 2019-லும் கேரளத்தில் 2020-லும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் நடப்புக்கு வந்த தடையில், அலங்காரத்துக்கான தெர்மாகோலும், பிளாஸ்டிக் கொடிகளும், பலூன் குச்சிகளும் அடங்கும். சட்டம் விலக்கியவற்றின் இடத்தை நிரப்பப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை, ஓலை காத்திருக்கிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் அறிவித்தது. சட்டம் மரத்தைக் காக்கலாம். அதன் ஓலையை முடையும் கையைக் காக்க வேண்டியவர்கள் நாமே. முடையத் தெரிந்த மூதாட்டியர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களிடம் கேட்டுக் கற்க இதுவே தக்க காலம்.

ஓலை கிட்டாத நகரங்களிலும் அயல்நாடுகளிலும் வாழும் சகோதரிகள் தடித்த பழுப்புத்தாளை வார்ந்து நட்சத்திரமும் கொட்டானும் செய்யலாம், முறை ஒன்றே. மடலுக்கு மட்டும் ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லி நாலு ஓலை வருவித்துக்கொள்ளுங்கள். உலர்ந்த ஓலை பெட்டியில் இடமும் அடைக்காது, கெடவும் கெடாது.

வரும் தைப்பொங்கலுக்குத் திருவனந்தபுரம் முதலிய எல்லை மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை உண்டு. அதற்கு முந்திய வாரமே ஓலையை உலர்த்தி வைத்துவிடுங்கள். விடுமுறையன்று பிள்ளையைத் திண்ணையில் உட்காரவைத்து, ஊரிலிருக்கும் பாட்டிக்கோ, அத்தைக்கோ ஓர் ஓலை மடல் எழுதச் செய்து அனுப்புங்கள். எழுத்து கோணலாயிருந்தால் திருத்த வேண்டா. பெறுபவர் அதையே பெரிதும் விரும்புவர். அடுத்த திங்கள் வாழைநாரில் பூக்கூடை செய்யும் முறையைக் காண்போம்.