முதற்சுற்று

மின்சாரம் எட்டாத நாளில் பொங்கலூர் போன்ற கொங்கு நாட்டு ஊர்களின் கிணறுகளில் ஆயில் எஞ்சின்கள் நீர் இறைத்தன. கைப்பிடியைச் செருகிச் சக்கரத்தைச் சுற்றினாலன்றி அவை ஓடா. சிலவற்றைப் பெட்ரோலில் ஓடவிட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அவ்வூருக்கு மேற்கே, சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து 2018 முதல் 'தேஜஸ்' போர் விமானங்கள் பறந்து வருகின்றன. இவ்விரண்டிற்கும் உறவு உண்டா? உண்டு என்பேன். ஜெட் விமானத்தின் வேகத்தை எல்லோரும் வியக்கின்றனர். வியக்கத்தக்கது அதன் முதற்சுற்றே என்பது என் கருத்து.

மாணவர்களே, ஜெட் எந்திரத்தின் முன்புறத்து விசிறிகள் காற்றை உறிஞ்சி அழுத்துகின்றன. அக்காற்றில் எரிபொருள் எரிகிறது. சீறிவரும் சுடுகாற்று பின்புறத்துச் சுழலியைச் சுற்ற, அது விசிறிகளைச் சுற்றுகிறது. விசிறி சுற்றாமல் காற்று அழுந்தாது. காற்று அழுந்தாமல் விசிறி சுற்றாது! வேறொரு விசை வந்து தொடங்கி வைத்தாலன்றி இவ்வட்டம் தொடங்காது.

இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் 1937 ஏப்ரல் 12-இல் தம் எந்திரத்தை முதன்முதல் இயக்கியபோது மின்மோட்டாரே அதைச் சுழற்றியது. எரிபொருள் டீசல் எண்ணெய். எரிபொருளை அடைத்த பின்னும் எந்திரம் வேகம் குறையாது ஓலமிட்டது. உடனிருந்தோர் சிதறி ஓடினர். தொடங்குமுன் கசிந்த எண்ணெய் எரியறையின் அடியில் தேங்கியிருந்ததே காரணம். தொடங்குதல் எளிய செயலன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஜெர்மானியரின் 'மெசர்ஷ்மிட் 262' இரண்டாம் உலகப் போரின் இறுதியாண்டுகளில் பறந்தது. அதன் எந்திர முகப்பினுள் சிறிய பெட்ரோல் மோட்டார் ஒன்று இருந்தது. வேண்டும்போது கயிற்றை இழுத்தும் அதனைக் கிளப்பலாம். அது பெரிய எந்திரத்தைச் சுழற்றும். பெரியது பெட்ரோலில் பற்றிக்கொண்டு, பின் டீசலுக்கு மாறும். நம் தோட்டத்து முறையேதான்!

நம் விமானப்படைக்கு 1948-இல் வந்த 'வாம்பயர்' ஜெட் விமானம் மண்ணெண்ணெயையே எரித்தது. விளக்கெரிக்கும் எண்ணெய்தானே என்று அதனை இகழ்வது அறியாமை. ஜெட் எந்திரத்தில் சுடர் இடைவிடாது எரிவதால் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாகும் எண்ணெய் அதற்குத் தேவையில்லை. உயர வானில் பெட்ரோல் ஆவியாகி வீணாகும். மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. கடுங்குளிரில் உறையாதவாறு அதனைத் தனியே சுத்திகரிக்கின்றனர்.

1957-இல் வந்த 'கான்பரா'வின் எந்திரத்தைத் தோட்டா வெடித்துக் கிளப்பினர், கரும்புகை எழும். தேஜஸிலோ, பெரிய எந்திரத்தைச் சுழற்றச் சிறியதொரு சுழலி எந்திரம் உள்ளேயே இருக்கிறது. அதுவும் விமானத்தின் எரிபொருளையே பருகுகிறது.