உட்சாய்ந்த சக்கரம்

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கைப் பொருத்தியவுடன் வேலை முடிந்துவிட்டதென்று எண்ணாதிருங்கள். மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்புள்ள வண்டி தாழும்போது, பொதுவாக முன்சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்கிறது; இதுவே நெகட்டிவ் கேம்பர். ஏறத்தாழ 1 டிகிரி சாய்வு வளைவுகளில் பிடிப்பைக் கூட்டும். மிகுந்தாலோ, டயரின் உள்விளிம்பு தேயும். நேர்ச்சாலையில் பிரேக்கின் பிடிப்பும் குறையும். வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அந்த டயர் புதிதாகவே தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆகையால் கேம்பர் போல்ட்டினால் சாய்வைத் திருத்துங்கள். அதனால் மாறும் டோ அளவையும் உடனே சரிபாருங்கள். தோற்றத்திற்காக மட்டும் சக்கரத்தைச் சாய்ப்பது தகாது. அவ்வண்டியில் நம் பிள்ளைகளும் அமர்கிறார்கள் அல்லவா?