சிவாவா, 1986: கையெழுத்திட்டவர்கள்

மெக்சிகோவில் மாநில ஆளுநர் நம் நாட்டைப்போல் நியமனப் பதவி அல்ல. மக்களே வாக்களித்து ஆறாண்டுகளுக்குத் தேர்ந்தெடுப்பது. ஆனால் 1929இல் தோன்றி, பின்பு பி.ஆர்.ஐ. என்று பெயர்பெற்ற கட்சி அறுபது ஆண்டுகளாக ஒரு மாநிலத்தைக்கூட எதிரணிக்கு விட்டுத்தரவில்லை. தலைநகரில் குடியரசுத் தலைவர் யாரைக் கைகாட்டினாரோ அவரே ஆளுநர்.

வடக்கு எல்லையிலுள்ள சிவாவா மாநிலம் அதை மாற்ற முனைந்தது. 1983இல் அங்கே முக்கிய நகராட்சிகளை எதிர்க்கட்சியான பான் வென்றது. அதை அனுமதித்த ஆளுநர் இரண்டே ஆண்டுகளில் பதவி விலக நேர்ந்தது. 1986 ஜூலை 6 அன்று ஆளுநர் தேர்தல். ஹுவாரெஸ் நகர மேயர் பிரான்சிஸ்கோ பாரியோ பான் வேட்பாளர். பூத் ஏஜென்டுகள் விரட்டப்பட்டார்கள், பட்டியலில் பெயர்கள் காணாமல் போயின, வாக்குப்பதிவு தொடங்குமுன்பே பெட்டிகளில் சீட்டுகள் கிடந்தன என்று ஊரெங்கும் புகார். பி.ஆர்.ஐ.யின் பெர்னாண்டோ பாயேசா வென்றதாக அறிவித்தார்கள். மக்கள் அமெரிக்க எல்லைப் பாலங்களை மறித்தார்கள். சிவாவா நகர மேயர் லூயிஸ் அல்வாரெஸ், அறுபது வயதைக் கடந்தவர், சுமார் 40 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அதை முடித்துக்கொள்ளும்படி அவரிடம் மன்றாடியவர்களில் ஒருவர் இடதுசாரித் தலைவர் எபெர்த்தோ காஸ்தியோ. கொள்கையில் அவருக்கு நேரெதிர் முகாம். பேராயர் ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியையே நிறுத்தப்போவதாக அறிவித்தார், வத்திக்கான் தடுத்துவிட்டது.

சிற்றிதழ்க்காரர்களான நாம் மறக்கக் கூடாதது வேறொன்று. ஆக்டேவியோ பாஸ், கார்லோஸ் மொன்சிவாயிஸ், எலெனா பொனியாதோவ்ஸ்கா உள்ளிட்ட எழுத்தாளர்கள் சேர்ந்து ஓர் அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். வுவெல்தா, நெக்சோஸ் என்று எதிரெதிர் இதழ்களில் நின்று ஒருவரையொருவர் கடுமையாக விமர்சித்து வந்தவர்களும் அதில் இருந்தார்கள். பலருக்கு பான் கட்சியின் வலதுசாரி அரசியல் துளியும் ஒப்பாது. பாரியோவே வென்றார் என்று அவர்கள் எழுதவுமில்லை. இந்தத் தேர்தலை ரத்து செய்யுங்கள் என்றார்கள். அந்த அளவறிந்த கோரிக்கையே அவர்களின் நேர்மைக்குச் சான்று. வேட்பாளரைப் பிடிக்காவிட்டாலும் அவருக்கு விழுந்த ஓட்டை எண்ணியாக வேண்டும். எந்த நாட்டிலும் எழுதுகிறவர் கேட்க வேண்டியது இதைத்தான் என்று உறுதியாக நம்புகிறோம்.

தேர்தல் ரத்தாகவில்லை, பாயேசா பதவியேற்றார். ஆனால் 1989இல் பாஹா கலிபோர்னியாவில் பானின் எர்னஸ்தோ ருஃபோ வென்றபோது, ஆளுங்கட்சி முதன்முறையாக ஓர் ஆளுநர் பதவியில் தோல்வியை ஒப்புக்கொண்டது. 1992இல் சிவாவாவில் மீண்டும் நின்ற பாரியோ, ஆளுநரானார்.