ஆணை மடிந்தது, ஓசை மடியவில்லை!



ஆட்சி கவிழ்ந்தால் அதன் ஆணைகளும் அழிந்தொழியும் என்று எண்ணுவோர் உளர். அவர்களை ஸ்பெயின் நாட்டுத் திரையரங்கு ஒன்றிலே அமர்த்திட வேண்டும். திரையிலே வாயசைப்பவர் அமெரிக்க நடிகர். செவியிலே விழுவதோ ஸ்பானிய மொழி! அந்தக் குரலின் பின்னே சர்வாதிகாரி ஒருவரின் நிழல் நிற்கிறது.

1941 ஏப்ரல் திங்களில் பிராங்கோவின் அரசு ஆணையிட்டது: அயல்மொழிப் படம் எதுவாயினும் ஸ்பானிய மொழியிலேதான் பேசிட வேண்டும்! மொழிக்கு அரண் என்றனர். உண்மையிலே அது தணிக்கைக்குக் கிடைத்த கருவி! படத்தை வெட்டினால் பார்ப்பவன் ஐயுறுவான். பேச்சையே மாற்றிவிட்டால் எவன் அறிவான்? 'காசாபிளாங்கா' படத்தின் நாயகன், ஸ்பெயின் உள்நாட்டுப் போரிலே குடியரசுப் படையின் பக்கம் நின்றவன். ஸ்பானியக் குரலிலே அந்தச் செய்தி மாயமாய் மறைந்தது!

1946 இறுதியில் கட்டாயம் நீங்கிற்று. பழக்கம் நீங்கிற்றா? பின்னர் வந்த 'மொகாம்போ' படத்திலே, கணவனையும் மனைவியையும் உடன்பிறந்தோராக்கினர்! முறைகேடான காதலை மறைக்கப் புறப்பட்டு, அதனினும் பெரிய முறைகேட்டைப் படைத்தனர். ஒழுக்கம் காத்தவர்களின் இலட்சணம் இது!

1975-இல் பிராங்கோ மறைந்தார். குரல்மாற்றம் மறையவில்லை. பழகிய செவி அதையே கேட்டது. முதல் போட்டவர்கள் அதையே தந்தனர். உள்நாட்டுப் படத்திற்கு இருந்த தனி வலிமை தாய்மொழி. அதனையும் ஹாலிவுட்டுக்கு வாரி வழங்கிற்று அந்த ஆணை!

அண்டை நாடான போர்ச்சுகலைக் காணுங்கள். அங்கும் சர்வாதிகாரம்தான், ஆனால் சலாசாரின் அரசு 1948-இல், அயல்நாட்டுப் படங்களைப் போர்ச்சுகீசிய மொழிக்குக் குரல்மாற்றுவதையே தடை செய்தது. அந்த ஆட்சி 1974-இல் வீழ்ந்தது. இன்றும் அங்கே, சிறுவர் படங்கள் நீங்கலாக, மூலக்குரல் ஒலிக்கிறது; அடியிலே எழுத்து ஓடுகிறது. எல்லைக்கோட்டுக்கு இப்புறம் ஓர் ஓசை, அப்புறம் வேறோர் ஓசை! கோடு கிழித்தது இயற்கையா? அரசாணை!

இழந்தவர் யார்? கட்டலான் மக்களைக் கேளுங்கள். அயல்நாட்டுப் படங்களின் படிகளில் பாதி தம் மொழியில் வேண்டுமென, 2010-இல் அவர்தம் சட்டமன்றம் சட்டம் செய்தது. சட்டம் ஏட்டிலே இருந்தது. திரையரங்குகளிலே ஸ்பானியமே கோலோச்சியது. பல்லாண்டுப் பழக்கத்தை ஒரு சட்டத்தால் பெயர்த்திட இயலவில்லை.

ஆணை பிறக்க ஒரு கையெழுத்துப் போதும். அது மக்கள் செவியிலே குடியேறிவிட்டால், வெளியேற்றத் தலைமுறைகள் போதா! ஆகவே தோழர்களே, எந்த ஆணை வந்தாலும், "இது யார் குரலை வளர்க்கும்? யார் குரலை அடக்கும்?" என்று அன்றே கேளுங்கள். நாளை கேட்கலாம் என்றிருந்தால், கேட்கும் செவியே மாறிப் போயிருக்கும்!